இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

இருங்கோ தம்பி, இருங்கோ. அந்தக் கதிரையிலை வேண்டாம், அது லீலா உரம் கலக்கிற கதிரை, மணக்கும். இதிலை இருங்கோ. மாங்குளத்திலையிருந்து இந்த வெய்யிலுக்கை வந்திருக்கிறீங்கள். பழைய பிக்கப், ஓட்டோ கியர். எஞ்சின் கத்துது, வண்டி இழுக்குதில்லை, ஒரு எரிஞ்ச மணம். அதுதானே? சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். எனக்கும் அச்சொட்டா அதேதான்.

ஆர் என்னட்டை அனுப்பினது? கொடிகாமத்துக் கிருபாவோ? அனுப்பத்தானே வேணும். கிருபா நல்ல மெக்கானிக், இல்லையெண்டு சொல்ல மாட்டன். கராச்சும் துப்பரவா வைச்சிருக்கிறான். ஆனால் என்ரை வண்டியின்ரை வருத்தத்தை அவன் கண்டுபிடிக்கேல்லை. நான்தான் கண்டுபிடிச்சனான். அதை அவன் உங்களுக்குச் சொன்னவனோ? சொல்லியிருக்க மாட்டான். பரவாயில்லை.

முதலிலையிருந்து சொல்லுறன். இடையிலை கேள்வி கேக்காதேங்கோ, எனக்குத் தொடர் அறுந்து போம்.

நான் முப்பது வருசம் லொறி ஓடினனான். றோட்டுத் திறந்திருந்த காலத்திலை கொழும்புக்கு, பூட்டின காலத்திலை வன்னிக்குள்ளை. வெங்காயம், தேங்காய், சீமெந்து, ஒருக்கா ஒரு கோயில் மணியும் ஏத்தினனான். லொறியை விட்ட பிறகு வீட்டிலை சும்மா இருந்தன். அதுக்கிடையிலை என்ரை மனிசி லீலாவதி இந்தப் பூக்கண்டு யாவாரத்தைத் தொடங்கீட்டா. ரண்டு மல்லிகைப் பதியத்தோடை தொடங்கினது, இப்ப பாருங்கோ, வளவு முழுக்கப் பச்சை வலை. குறோட்டன், றோசா, அந்தூரியம், பேர் தெரியாததெல்லாம் நிக்குது. மீசாலையிலை பூக்கண்டு எண்டு கேட்டால் சின்னப் பிள்ளையும் இஞ்சைதான் கொண்டுவந்து விடும்.

கண்டு ஏத்த வண்டி வேணும் எண்டு அவதான் இந்தப் பிக்கப்பை வாங்கினா. யப்பான் சாமான், எங்கட மூத்தவளிலும் பாக்க ஒரு வயசு குறைய. நான் நல்ல கியர் வண்டியா ஒண்டு பாத்து வைச்சிருந்தனான். அவ கேக்கேல்லை. ஓட்டோதான் வேணுமாம். ஏன் எண்டு கேக்க, “நானும் ஒரு நாளைக்கு ஓடிப் பழகலாமெல்லே” எண்டா. நான் இருக்கேக்கை அவ ஏன் ஓட வேணும்? அதைக் கேட்டன். அவ காசை எண்ணத் தொடங்கீட்டா.

வித்த பெடியன் எனக்கு வண்டியைக் காட்டேக்கை சொல்லுறான், “ஐயா, இதிலை கிளச் இல்லை. வலது கால் ஒண்டு காணும். இடது காலைச் சும்மா ஒரு பக்கத்திலை வைச்சிருங்கோ.”

சும்மா! முப்பது வருசமா உழைச்ச கால் தம்பி. முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையிலை குண்டும் குழியுமாக் கிடந்த றோட்டிலை எத்தினை தரம் கிளச் மிதிச்ச கால். அதைப் போய் இனிச் சும்மா இரு எண்டால் அது இருக்குமோ? உளைஞ்சுது. நித்திரையிலையும் உதறிச்சுது. லீலா எழும்பிக் கத்தினா.

அதாலை நான் அதுக்கு ஒரு வேலை குடுத்தன். வலது கால் அக்சிலேற்றருக்கு. இடது காலை பிறேக்குக்கு மேலை வைச்சன். அமத்துறேல்லை. பூப்போல, சும்மா தொட்டபடி. நாயோ மாடோ குறுக்கை வந்தால் மற்ற ஆக்கள் வலது காலைத் தூக்கி பிறேக்குக்குக் கொண்டுபோக முந்தி நான் வண்டியை நிப்பாட்டிப் போடுவன். பாதுகாப்பு. இது எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நானே யோசிச்சது.

சரி, வருத்தத்துக்கு வாறன்.

கிளிநொச்சியிலை ஒரு புதுக் கலியாண மண்டபம் கட்டினவை. திறப்பு விழாவுக்கு முன்வாசலிலையிருந்து மணவறை மட்டும் பூக்கண்டு வேணும் எண்டு லீலாட்டைச் சொன்னவை. அவவுக்கு அதுவரையிலை அப்பிடி ஒரு ஓடர் வரேல்லை. அண்டைக்கு விடிய எழும்பி ஒவ்வொரு சட்டியாத் துடைச்சு, இலையெல்லாம் கழுவி, கலியாணப் பொம்பிளையைச் சோடிக்கிற மாதிரிச் சோடிச்சு ஏத்தினா.

பளை மட்டும் ஒரு பிரச்சினையும் இல்லை. பளை தாண்ட எஞ்சின் கத்தத் தொடங்கீட்டுது. மிதிக்க மிதிக்கக் கத்துது, வண்டி நகருதில்லை. ஒரு மணமும் வந்தது. லீலா மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னப்பா எரியுது?” எண்டா.

“உம்மடை மீன் உரம்” எண்டன்.

“மீன் உரம் நான் இண்டைக்கு ஏத்தேல்லையே.”

“போன கிழமை ஏத்தினனீர். அந்த மணம் நிக்குது.”

ஆனையிறவு வெளியிலை வண்டி படுத்திட்டுது. உங்களுக்குத் தெரியும்தானே அந்த இடம். ஒரு மரம் இல்லை, ஒரு பத்தை இல்லை. உப்புக் காத்து முகத்திலை அறையுது. சூடு ஆறட்டும் எண்டு பொனற்றைத் திறந்துபோட்டு நிண்டன். லீலா தன்ரை குடையை எடுத்துக்கொண்டு பின்னாலை ஏறினா. குடையை அந்தூரியத்துக்குப் பிடிச்சா, தான் வெய்யிலிலை நிண்டா. அரைவாசிக் கண்டு என்ரை கண்ணுக்கு முன்னாலையே வாடிச்சுது. மண்டபத்து முதலாளி வாடினதெல்லாத்தையும் திருப்பி அனுப்பிப்போட்டார். அவ வாடின சட்டியளைத் தானே தூக்கித் திரும்ப ஏத்தினா. வரேக்கை முன் சீற்றிலை ஏறேல்லை. பின்னாலை கண்டுகளோடை இருந்து வந்தா.

அது எனக்குச் சரியான மனவருத்தம் தம்பி. பேசியிருந்தால் பரவாயில்லை.

அடுத்த நாளே கிருபாட்டைக் கொண்டு போனன். அவன் எஞ்சினை ஓட விட்டு, கியர்ப்பெட்டி ஒயில் பாக்கிற கம்பியை இழுத்து, ஒரு வெள்ளைக் கடுதாசியிலை துடைச்சுக் காட்டினான். நல்ல ஒயில் எண்டால் சிவப்பா, நன்னாரி சர்பத்து மாதிரி இருக்க வேணும். எங்கட ஒயில் சாயம் கூடின தேத்தண்ணி. மணந்து பாக்கச் சொன்னான். கருகின மணம். நான் உடனை சொன்னன், “பாத்தியே, வித்தவன் ஏமாத்திப்போட்டான்.”

ஒயில் மாத்தினான், ஒயில் வடிக்கிற வடியும் மாத்தினான். தானே ஓடிப் பாத்தான், என்னைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு. பட்டு மாதிரிப் போகுது. கடைசிக் கியர் விழுந்து எஞ்சின் அமந்து, சத்தமே இல்லை. சந்தோசமா வீட்டை கொண்டு வந்தன். கொஞ்ச நாள்தான். திரும்பவும் கத்தல், திரும்பவும் மணம், திரும்பவும் தேத்தண்ணி.

கிருபா தலையைச் சொறிஞ்சான். “அண்ணை, வேகமாப் போகேக்கை உள்ளுக்கை ஒண்டு இறுக வேணும். அது இறுகுதில்லை. வழுக்கி வழுக்கி ஒயில் கொதிக்குது. நீங்கள் பிறேக் பிடிச்சிருக்கிறீங்கள் எண்டு வண்டி நினைக்குது போலை.”

பாருங்கோ, வண்டி நினைக்குதாம்!

பிறகு கேக்கிறான், “நீங்கள் பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு ஓடுறேல்லையே?”

ஆரைப் பாத்து? நான் என்ன நேற்று லைசன்ஸ் எடுத்த ஆளே? “இல்லை” எண்டன். உண்மைதானே. வைக்கிறது வேறை, பிடிக்கிறது வேறை.

“அப்ப பிறேக் லைற் சுவிச்தான் பழுது” எண்டு அதை மாத்தினான். அதிலை எனக்கும் ஒரு ஐமிச்சம் இருந்தது. ஏனெண்டால் றோட்டிலை பின்னாலை வாற மோட்டச்சைக்கிள் பெடியள் முந்திக்கொண்டு போகேக்கை, “ஐயா, பிறேக் லைற் எரிஞ்சுகொண்டே இருக்குது!” எண்டு கத்துவாங்கள். வீட்டை வந்து இறங்கிப் பாத்தால் எரியாது. என்ன மாயமோ. புதுச் சுவிச்சுக்கும் அதே கதை. அதையும் மாத்தினம். மூண்டாவது சுவிச்சும் பழுது. இந்தக் காலத்துச் சாமான்களின்ரை தரம் அப்பிடி.

கடைசியிலை கிருபா சொன்னான், “நீங்கள் ஓடுங்கோ, நான் பக்கத்திலை இருந்து பாக்கிறன்.” கண் முழுக்க மீற்றர் முள்ளிலை. ஒரு காதை நிலத்துப் பக்கம் சரிச்சு கியர்ப்பெட்டியைக் கேக்கிறான். நான் ஓட வண்டி கத்துது. நடுவழியிலை இடம் மாறி அவன் ஓட, பட்டு. பிறகு நான் ஓட, கத்துது. அவன்ரை முகத்தைப் பாக்கப் பாவமாக் கிடந்தது. “அண்ணை, உங்களுக்கும் இதுக்கும் பொருத்தமில்லை” எண்டான். பகிடிக்குத்தான் சொன்னவன். ஆனால் எனக்கு அண்டு இரவு சாப்பாடு இறங்கேல்லை. முப்பது வருசத்திலை ஒரு வண்டி என்னைப் பிடிக்கேல்லை எண்டு சொன்னதில்லை.

கியர்ப்பெட்டியை இறக்கிப் பிரிக்க வேணும், இல்லாட்டி கொழும்பிலையிருந்து வேறை பெட்டி எடுக்க வேணும் எண்டான். அதுக்கு லீலா அந்தப் பச்சை வலைப் பந்தலைக் கழட்டி விக்க வேண்டி வரும். நான் ஒரு மாதிரி அவவுக்குச் சொன்னன். அவ கேட்டிட்டு, “கொஞ்சம் பொறுங்கோ” எண்டு மட்டும் சொன்னா.

அதுக்கிடையிலை என்ரை காலிலை சீமெந்துப் பூச்சட்டி விழுந்தது. இடது கால். பெருவிரல் வாழைப்பொத்தி மாதிரி வீங்கி, கட்டுப்போட்டு, நிலத்திலை ஊண்டேலாது. லீலா ஓட வேண்டாம் எண்டா. ஆனால் பருத்தித்துறையிலை ஒரு வீடு குடிபூரலுக்குக் கண்டு குடுக்க வேணும். நான் இடது காலைச் சீற்றுக்கு முன்னாலை ஒரு தலகணியிலை நீட்டி வைச்சுக்கொண்டு ஓடினன். வலது கால் மட்டும்தான்.

தம்பி, நம்ப மாட்டீங்கள். வண்டி பட்டு! போகேக்கையும் பட்டு, வரேக்கையும் பட்டு. கட்டு அவிழ்க்கிற மட்டும் ஒரு நாள் கத்தேல்லை. எனக்குக் கண் கலங்கீட்டுது. காயக்காரன் எண்டு வண்டிக்கும் இரக்கம் வந்திட்டுது.

லீலாவும் அந்த நாளெல்லாம் றோட்டைப் பாக்கேல்லை. என்ரை காலையேதான் பாத்துக்கொண்டு வந்தா. வழி நெடுக. கலியாணம் கட்டி இத்தினை வருசத்திலை அவ என்ரை காலை அப்பிடிப் பாத்ததில்லை. பாசம். வெளியிலை காட்ட மாட்டா, ஆனால் உள்ளுக்கை கிடக்குது.

கால் வருத்தம் மாறிச்சுது. கட்டு அவிழ்த்தது. அண்டைக்கே வண்டி திரும்பக் கத்திச்சுது.

சாவகச்சேரிச் சந்தைக்குக் கிட்ட லீலா மெல்லமாச் சொன்னா, “இஞ்சரப்பா, அந்த இடது காலைத் தூக்கி அங்காலை வையுங்கோ.”

எனக்கு வந்த கோவம்! கிருபா சொன்னாலாவது மெக்கானிக். இவ ஆர்? சைக்கிளே ஓடத் தெரியாத மனிசி, லொறிக்காரனுக்குக் காலை எங்கை வைக்கிறதெண்டு சொல்லுறா. வண்டியை ஓரத்திலை நிப்பாட்டிப்போட்டு நல்லாக் குடுத்தன். “நீர் எனக்கு ஓட்டம் பழக்கிறீரோ? நாளைக்கு மூச்சு விடவும் பழக்குவீர்” எண்டெல்லாம் கேட்டன். சனம் பாத்துது. வீட்டை வந்து நான் சாப்பிடவும் இல்லை, கதைக்கவும் இல்லை. அவ என்ரை சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைச்சிட்டு வலைப்பந்தலுக்கை போய் விளக்குப் போட்டுக்கொண்டு கண்டுகளுக்கு மண் மாத்தினா.

பிறகு ஒரு நாள் காலமை வண்டியிலை ஏறப் போறன், என்ரை இடது கால் வைக்கிற மூலையிலை ஒரு அந்தூரியச் சட்டி! மூண்டு சிவப்புப் பூ. தச்சனைக் கூப்பிட்டு ஒரு பலகைத் தட்டுச் செய்விச்சு, அசையாமல் ஆணி முறுக்கி, அதுக்கு மேலை வைச்சிருக்கிறா. ஒரு பக்கம் திறந்த தட்டு.

“இது என்ன கூத்து?” எண்டன்.

“இது வெளிநாட்டு இனமப்பா. பின்னாலை வைச்சால் காத்துக்குத் தாங்காது. ஓடர் குடுக்கிற ஆக்களுக்குக் காட்டக் கொண்டு போக வேணும்.”

“அதுக்கு என்ரை காலடியே கிடைச்சுது?”

“நீங்கள்தான் அலுங்காமல் ஓடுறனீங்கள். உங்கட இடது காலை இப்பிடி முட்டுக் குடுத்து வைச்சிருங்கோ. காலை எடுத்தீங்கள் எண்டால் சாய்ஞ்சு தண்டு முறிஞ்சு போம். வேறை ஆரிட்டையும் நான் இதை நம்பிக் குடுக்க மாட்டன்.”

அப்பிடிச் சொன்னால் என்ன செய்யிறது? ஆனையிறவிலை வாடின கண்டுகளும் ஞாபகம் வந்திட்டுது. சரியெண்டு முட்டுக் குடுத்தன். காலுக்கும் ஒரு வேலை கிடைச்ச மாதிரி. உண்மையைச் சொன்னால், உளைவும் நிண்டுது. நித்திரையிலை உதறுறதும் நிண்டுது.

இனித்தான் முக்கியமான இடம். கவனமாக் கேளுங்கோ.

அண்டையிலிருந்து வண்டி கத்தேல்லை. ஒரு நாளும் இல்லை. மணம் இல்லை. மூண்டாவது சுவிச்சும் தானாத் திருந்தீட்டுது, பெடியள் கத்துறேல்லை. கிருபாட்டைக் கொண்டுபோய்க் கம்பியை இழுத்துக் காட்டினன், சர்பத்து மாதிரிச் சிவப்பு. அவன் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தான். உள்ளுக்கை எட்டிப் பாத்து அந்தச் சட்டியைக் கண்டான். குனிஞ்சு சட்டியையும் பிறேக்கையும் மாறி மாறிப் பாத்தான். பிறகு “அக்கா வைச்சவவோ?” எண்டு கேட்டான். ஓமெண்டன். “அக்காட்டை நான் கும்பிட்டதெண்டு சொல்லுங்கோ” எண்டான். ஏதோ கடவுள் பக்தி அவனுக்கு.

நான் வீட்டை வந்து யோசிச்சன். சட்டி வைச்சோடனை ஏன் வண்டி திருந்த வேணும்? லொறிக்காரன் மூளை தம்பி, பிடிச்சிட்டன். பாரம்! லொறியிலை பாரம் ஒரு பக்கம் குறைஞ்சால் இழுவை கெட்டுப் போம். இந்த வண்டிக்கு முன்பக்கம், இடது மூலையிலை பாரம் காணாது. யப்பான்காரன் கணக்குப் பிழைச்சிட்டான். அந்தூரியச் சட்டி அதைச் சரிக்கட்டீட்டுது. இதைக் கிருபாவுக்குச் சொன்னன். அவனுக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சுது. படிச்ச மெக்கானிக்குகளுக்குப் பொறாமை இருக்கும்தானே.

இல்லை, நீங்கள் சிரிக்காதேங்கோ. நான் சோதிச்சும் பாத்தனான்.

எங்கட மூத்தவளுக்கு வவுனியாவிலை பிள்ளை பிறந்தது. லீலா பத்தியம் பாக்கப் போயிட்டா. போகேக்கை அந்தச் சட்டியை எடுத்து வலைக்குள்ளை வைச்சிட்டா, தண்ணி விட ஆளில்லை எண்டு. பாரம்தானே வேணும், நான் சட்டி நிறைக்கு ஒரு சின்ன மண் மூட்டை கட்டி அதே தட்டிலை வைச்சன். அது சட்டி மாதிரிச் சாயாது, முட்டுக் குடுக்கத் தேவையில்லை. கால் தன்ரை பழைய இடத்துக்குப் போயிட்டுது, பாதுகாப்புக்கு. கொடிகாமம் தாண்டேல்லை தம்பி, கத்தத் தொடங்கீட்டுது!

லீலாவுக்குப் போன் எடுத்தன். அவ குழந்தையைத் தோளிலை போட்டுக்கொண்டு கதைக்கிறா, அழுகை கேக்குது. “மண் மூட்டை வேண்டாமப்பா. அந்தூரியத்தை எடுத்து வையுங்கோ. அதுக்கும் கொஞ்சம் காத்துப் பட வேணும்.” வைச்சன். முட்டுக் குடுத்தன். பட்டு.

அதுக்குப் பிறகுதான் எனக்கு முழுசா விளங்கினது. வெறும் பாரம் காணாது. உயிருள்ள பாரம் வேணும். அதோடை அவ நட்ட கண்டு. அவ இல்லாத வீட்டிலை எனக்கும் ஒண்டும் ஓடேல்லை பாருங்கோ. சோறு காய்ச்சினால் குழையுது, தேத்தண்ணி போட்டால் கசக்குது. வண்டிக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும். இதை நான் அவவுக்குச் சொல்லேல்லை. சொன்னால் தலையிலை ஏறி இருப்பா.

கலியாண மண்டபக்காரரும் திரும்ப ஓடர் தந்தவை. இந்த முறை ஒரு இலை வாடாமல் இறக்கினம். முதலாளி லீலாவின்ரை கண்டுகளைப் பாத்திட்டு, “இனி வருசம் முழுக்க நீங்கள்தான் தர வேணும்” எண்டார். திரும்பி வரேக்கை அவ முன் சீற்றிலைதான் இருந்தா. ஆனையிறவு தாண்டேக்கை பாட்டுக்கூட முணுமுணுத்தா. நான் கேக்காத மாதிரி ஓடினன்.

அந்தா, தேத்தண்ணியோடை வாறா. லீலா, இவர் மாங்குளத்திலையிருந்து வந்திருக்கிறார், எங்கட வண்டிக்கு வந்த அதே வருத்தம் இவரின்ரை பிக்கப்புக்கும்.

என்னப்பா கேக்கிறீர்? ‘இவர் முந்தி என்ன ஓடினவர்’ எண்டோ? அது ஏன் உமக்கு? சரி, சொல்லுங்கோ தம்பி, அவ அப்பிடித்தான், சம்பந்தமில்லாமல் கேப்பா. … ட்றக்டரோ? இருபது வருசமோ? பாத்தீரே லீலா, இவரும் என்னைப் போல அனுபவஸ்தர்.

ஏன் சிரிக்கிறீர்?

என்ன, இவரின்ரை மனிசியின்ரை போன் நம்பரோ? குடுங்கோ தம்பி, குடுங்கோ, பயப்பட ஒண்டுமில்லை. பூக்கண்டு யாவாரம்தான் கதைப்பா. வந்த ஆளை வெறுங்கையோடை அனுப்ப மாட்டா, மனிசி கெட்டிக்காரி. ரண்டு பொம்பிளையளும் தங்களுக்கை கதைக்கட்டும், வண்டி விசயத்திலை அவையளுக்கு என்ன தெரியும்.

நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்புங்கோ. உங்கட பிக்கப் திறப்பு எங்கை? தாங்கோ. கச்சாய் மட்டும் போய் வருவம். நீங்கள் பக்கத்திலை இருந்து பாருங்கோ, நான் ஓடுறன்.